நான்கு விஷம் படித்த மருந்து

ஆனைமலை என்றவுடனே யானையின் நினைவு வருவது இயல்புதான். பெயரிலேயே யானையைச் சுமந்துகொண்டிருக்கும் மலை அல்லவா? வால்பாறைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் யானைக் கூட்டம் இறங்கிற்று என்றால், மறுநாள் காலையில் கோயமுத்தூரில் காப்பி அருந்துகிறவர்கள் அதைப் படத்துடன் பத்திரிகையில் பார்த்து விடுகிறார்கள். ஆனால் அதே மலையிலும், அடிவாரத்துத் தென்னந்தோப்புகளிலும், நெல் வயல் வரப்புகளிலும் சத்தமில்லாமல் நடமாடும் மற்றொரு பிராணிக்கு அந்த யோகம் கிடைப்பதில்லை. (கால் இல்லாத பிராணி எப்படி நடமாடும் என்று நேயர்கள் கேட்கக் கூடாது.)

கணக்கைப் பார்த்தால் நிலைமை விளங்கும். இந்தியாவில் யானையால் உயிரிழப்பவர்கள் ஆண்டொன்றுக்கு 500, 600 பேர். பாம்புக் கடியால் உயிரிழப்பவர்கள், 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 பேர். 2000-ம் ஆண்டு முதல் 2019 வரையில் மொத்தம் 12 லட்சம் பேர். அவர்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் பதினைந்து வயது நிரம்பாத குழந்தைகள். மற்றவர்களில் பெரும்பாலோர் மண்ணை நம்பிப் பிழைக்கும் குடியானவர்கள். இத்தனை உயிர்கள் யுத்தம் ஒன்றிலே போயிருந்தால் உலகமே கிடுகிடுத்திருக்கும்.

இதற்கு மருந்து இல்லையா? இருக்கிறது. அதுவும் கப்பலேறி வந்த மருந்தல்ல. நம்முடைய தேசத்திலேயே, நம்முடைய ஜனங்களின் கைத்திறமையால் உண்டாகும் மருந்து. ஆயினும் அந்த மருந்து ஆனைமலையின் உச்சிக்கு வரும்போது ஓர் இடத்தில் தடுமாறி நின்று விடுகிறது. ஏன் அப்படி என்பதைத்தான் இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்லப் போகிறோம்.

முள்ளை முள்ளால்

உலகத்தில் மருந்துகள் இரண்டு விதம். உப்பைப் போலவும் சர்க்கரையைப் போலவும் எளிய அமைப்புள்ள இரசாயனப் பொருள்கள் ஒரு விதம். தலைவலி மாத்திரை இந்த ஜாதி. உயிருள்ள பிராணியின் உடம்போ, உயிருள்ள அணுக்களோ மட்டுமே உண்டாக்கக் கூடிய புரதங்கள் மற்றொரு விதம். நீரிழிவுக்குப் போடும் இன்ஸுலின் இந்த ஜாதி. பாம்பு விஷ முறிவு மருந்தும் இந்த ஜாதிதான்.

புரதம் என்பது மிகவும் நுட்பமான சரக்கு. பாலில் எலுமிச்சைச் சாறு விழுந்தால் திரிந்து போகிறது. திரிந்ததைத் திரும்பப் பாலாக்க முடிவதில்லை. புரதத்தின் சுபாவம் அது. சூடு, புளிப்பு, வேகமான குலுக்கல் எதுவும் அதற்கு ஒத்துக் கொள்ளாது. வாய் வழியாகக் கொடுத்தாலோ, வயிறு அதைப் பருப்புச் சாதத்தைப் போல் பாவித்து ஜீரணித்து விடும். ஆகையால் ஊசி மூலமாகத்தான் செலுத்த வேண்டும்.

இத்தகைய புரதத்தைக் கொண்டு விஷத்தை வெல்லலாம் என்று 1890-ல் பெர்லினில் நிரூபித்தவர்கள் எமில் வான் பேரிங் என்ற ஜெர்மானியரும், கிடசாட்டோ என்ற ஜப்பானியரும். தொண்டை அடைப்பான், ரண ஜன்னி இவற்றின் விஷத்தைப் பிராணிகளுக்குச் சிறுகச் சிறுகப் புகட்டினால், அவற்றின் இரத்தத்தில் விஷத்தைக் கட்டிப் போடும் எதிர்ப்பொருள் உண்டாகிறது என்று அவர்கள் கண்டார்கள். சில ஆண்டுகளில், கீழ்த்திசையிலுள்ள ஸெய்கோனில் வேலை பார்த்த ஆல்பெர்ட் கால்மெட் என்னும் பிரெஞ்சு வைத்தியர் இதே முறையை நாக விஷத்தில் பிரயோகித்து வெற்றி கண்டார். முள்ளை முள்ளால் எடுப்பது என்று நம் பெரியோர் சொல்வார்களே, அதுதான் விஷயம்.

கால்மெட்டுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. நாக விஷத்தைக் கொண்டு செய்த மருந்தே எல்லாப் பாம்புக் கடிக்கும் போதும் என்று நினைத்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து சார்லஸ் மார்ட்டின் என்பவர், "எங்கள் பாம்புகளிடம் உமது மருந்து பலிக்கவில்லை" என்று காட்டினார். பிரேஸில் தேசத்தில் விட்டால் பிரேஸில் என்பவரும் (தேசத்தின் பெயரையே தம் பெயராகக் கொண்ட பாக்கியசாலி) அதையே நிரூபித்தார். எந்தப் பாம்பின் விஷத்தைக் குதிரை படித்ததோ, அந்தப் பாம்புக்கும் அதன் நெருங்கிய உறவினர்களுக்கும்தான் அந்தக் குதிரையின் மருந்து பதில் சொல்லும். இந்த உண்மை தெரிந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. நேயர்கள் இதை மனத்தில் முடிந்து வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வேண்டியிருக்கும்.

வட நெம்மேலிப் பானைகள்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் வட நெம்மேலி என்ற ஊர் இருக்கிறது. அங்கே, முதலைப் பண்ணைக்குள், இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் நடந்து வருகிறது. இந்தியாவில் தயாராகும் விஷ முறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும் பகுதி இந்த ஒரே இடத்திலிருந்துதான் போகிறது.

முன் காலத்தில் இருளர்கள் பாம்பைப் பிடித்துத் தோலுக்காக விற்றுப் பிழைத்தார்கள். 1972-ல் வன விலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிறகு தோல் ஏற்றுமதியும் நின்றது. பரம்பரைத் தொழில் ஒரே நாளில் குற்றமாகி விட்டது. அப்போது ரோமுலஸ் விட்டேக்கர் என்பவர், "பாம்பைக் கொல்ல வேண்டாம், விஷத்தை மட்டும் கறந்து கொண்டு விட்டு விடுவோம்" என்ற யோசனையுடன் இருளர்களைச் சேர்த்துச் சங்கம் அமைத்தார்.

சர்க்கார் அநுமதித்த எண்ணிக்கையில் பாம்புகளைப் பிடித்து வந்து, மண் பானையில் விட்டு, வாயைத் துணியால் கட்டி வைக்கிறார்கள். வாரத்திற்கு ஒரு முறை வெளியே எடுத்து, மெல்லிய சவ்வு கட்டிய கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைக் கடிக்க வைக்கிறார்கள். நாலு முறை கறந்தானதும், வயிற்றுச் செதிளில் ஓர் அடையாளம் செய்து, காட்டிலே கொண்டு போய் விட்டு விடுகிறார்கள். அடையாளம் உள்ள பாம்பு மறுபடியும் அகப்பட்டால், அதற்கு விடுதலை. பசுவைக் கறக்கிற வீட்டில் கன்றுக்கு விடுகிற தருமம் இங்கே பாம்புக்கும் உண்டு.

இந்த ஜனங்களின் திறமையைப் பிற தேசத்தார் அறிந்திருக்கிறார்கள். 2017-ல், அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்தில் பெருகிப் போன பர்மா மலைப்பாம்புகளைப் பிடிக்க முடியாமல் திண்டாடியவர்கள், மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்களை அழைத்துக்கொண்டு போனார்கள். இருவரும் இரண்டு வாரத்திற்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் நம் சர்க்காரும் விழித்துக்கொண்டு இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளித்தது. எழுத்து வாசனை அதிகம் இல்லாத இரண்டு பெரிய விஞ்ஞானிகளை நம் தேசம் கௌரவித்தது என்றே நாம் சந்தோஷப்பட்டோம்.

குதிரை செய்யும் உபகாரம்

வட நெம்மேலியில் பொடியாக உலர்த்தப்பட்ட விஷம் மகாராஷ்டிரத்துக்கும் தெலுங்கானாவுக்கும் செல்கிறது. மருந்துத் தொழிற்சாலைகளின் குதிரை லாயங்கள் அங்கே இருக்கின்றன. ஒரு காலத்தில் நம் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும், ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய் கல்கத்தாவில் ஸ்தாபித்த வங்காள இரசாயனத் தொழிற்சாலையிலும் இந்த மருந்து தயாராயிற்று என்பதைப் பெருமையுடன் நினைவூட்டுகிறோம்.

குதிரைக்கு விஷத்தை மிகச் சிறிய அளவில் தொடங்கி, வாரக் கணக்கில் படிப்படியாக உயர்த்திக் கொடுக்கிறார்கள். இரத்தத்தில் எதிர்ப்பொருள் போதிய அளவு சேர்ந்ததும், ஓரளவு இரத்தத்தை எடுத்து, சிவப்பு அணுக்களைப் பிரித்துக் குதிரைக்கே திருப்பிக் கொடுத்து விட்டு, பிளாஸ்மா என்னும் மஞ்சள் நீரை மட்டும் வைத்துக் கொள்கிறார்கள்.

சுத்தி செய்யும் வேலை இதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது. பிளாஸ்மாவில் நூற்றுக்கணக்கான புரதங்கள் இருக்கின்றன. நமக்கு வேண்டியது அவற்றுள் ஒன்று. மற்றவை மனித உடம்புக்கு அந்நியமானவை. ஊசியில் போனால் தடிப்பும் மூச்சுத் திணறலும், சில சமயம் பிராண அபாயமும் ஏற்படலாம். எதிர்ப்பொருளை உற்றுப் பார்க்க முடிந்தால், சிறுவர்கள் காக்கை அடிக்கும் உண்டிவில்லின் கவட்டையைப் போல் இருக்கும். மேலே பிரியும் இரண்டு கைகள்தாம் விஷத்தைப் பிடிக்கின்றன. கீழே உள்ள பிடியினால் நமக்கு உதவி இல்லை; உபத்திரவம்தான் உண்டு. ஆகவே, வயிற்றில் உணவைச் செரிக்கும் பெப்ஸின் என்ற நொதியையே கத்தியாக உபயோகித்து அந்தப் பிடியை நறுக்கி விடுகிறார்கள். வாய் வழியே கொடுத்தால் மருந்தைத் தின்று விடும் அதே ஜீரண சக்தி, தொழிற்சாலையில் அளவோடு நின்று ஊழியம் செய்கிறது!

பிறகு காப்ரிலிக் அமிலத்தை விட்டு வேண்டாத புரதங்களைத் திரிய வைக்கிறார்கள். திரிந்த பாலில் கட்டியை எறிந்து விட்டுத் தெளிந்த நீரை வைத்துக்கொள்வது போன்ற காரியம். வேறு சில இடங்களில் இதற்கு நேர்மாறாக உப்பைச் சேர்த்து, எதிர்ப்பொருளையே கட்டியாக்கி எடுக்கிறார்கள். அப்புறம் நுண்ணிய சவ்வுகளில் வடிகட்டி, கிருமிகள் புகாமல் சீசாவில் அடைத்து, உறைய வைத்து, அந்தப் பனியிலிருந்தே நீரை ஆவியாக்கி எடுத்து விடுகிறார்கள். மிஞ்சுவது வெண்மையான ஒரு பொடி. குளிர்சாதனம் இல்லாத கிராமத்து வைத்தியசாலைக்கும் போய்ச் சேருவதற்காகத்தான் இத்தனை சிரமமும். ஊசி போடும் நேரத்தில் பத்து மில்லி லிட்டர் சுத்த நீரில் மெதுவாகச் சுழற்றிக் கரைக்க வேண்டும். வேகமாகக் குலுக்கினால் நுரைத்துப் பாழாகும்.

ஒரு சீசா போதாதது ஏன்?

"இவ்வளவு அருமையான மருந்து என்றால் ஒரு சீசாவில் குணமாகி விட வேண்டாமா? எட்டு, பத்து சீசா ஏற்றுகிறார்களே!" என்று அங்கலாய்க்கும் உறவினர்கள் உண்டு. காரணம் எளிய பெருக்கல் வாய்பாடுதான். சட்டப்படி இந்த மருந்து ஒரு மில்லி லிட்டருக்கு நல்ல பாம்பு, கண்ணாடி விரியன் இவற்றின் விஷத்தில் 0.6 மில்லி கிராமையும், கட்டுவிரியன், சுருட்டை விரியன் இவற்றின் விஷத்தில் 0.45 மில்லி கிராமையும் முறிக்க வேண்டும். பத்து மில்லி கொண்ட ஒரு சீசா 6 மில்லி கிராம் கண்ணாடி விரியன் விஷத்தைக் கட்டும். ஒரு கடியில் கண்ணாடி விரியன் செலுத்தும் விஷமோ சராசரி 60 மில்லி கிராமுக்கும் சற்று மேல். பத்துச் சீசா ஏன் என்று இப்போது விளங்குகிறதல்லவா?

மேலே சொன்ன நான்கு பாம்புகளின் பெயர்களையும் நேயர்கள் மறுபடியும் ஒரு முறை படிக்க வேண்டும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்தியாவில் கிடைக்கும் விஷ முறிவு மருந்து படித்திருப்பது இந்த நாலு பாடத்தைத்தான். சமவெளியில் சாவுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த நான்குமே பொறுப்பாகையால், அங்கே இந்தப் படிப்புப் போதும். ஆனைமலை ஊரிலும் பொள்ளாச்சியைச் சுற்றிலும் மருந்து பெரிதும் பலிக்கிறது. கொண்டை ஊசி வளைவுகள் நாற்பதையும் கடந்து வால்பாறைக்கு ஏறினால் பாடம் மாறுகிறது.

மலை மேல் புதிய பாடம்

மேற்கு மலைத் தொடரின் ஈரக் காடுகளிலும், காப்பி, தேயிலைத் தோட்டங்களிலும், உதிர்ந்த இலைகளுக்கிடையே இலையோடு இலையாக ஒரு சிறிய விரியன் கிடக்கிறது. நீளம் ஒரு முழம் இருந்தால் அதிகம். மூக்கின் நுனி மட்டும் மேல் நோக்கிச் சற்று எழும்பியிருக்கும். குழிவிரியன் வகையைச் சேர்ந்தது. இது கடித்தால் வீக்கம்தான் உண்டாகும், உயிருக்கு ஆபத்தில்லை என்று இந்தியாவில் வெகு காலம் நினைத்திருந்தார்கள். கேரளத்து வைத்தியர்கள் 2007-ல் உண்மையை வெளியிட்டார்கள்: இந்தப் பாம்பு கடித்தவர்களுக்கு இரத்தம் உறையாமல் போகிறது, சிறுநீரகம் கெடுகிறது, உயிரும் போகலாம். அதை விட முக்கியமான விஷயம், இதைச் சுருட்டை விரியன் என்று தவறாக எண்ணி நம் தேசத்து மருந்தை ஏற்றியும் பயன் இல்லாமற் போனது. குதிரை அந்தப் பாடத்தைப் படித்ததே இல்லை. எப்படிப் பதில் சொல்லும்?

மேற்கு மலைத் தொடரில் வாழும் இராஜநாகத்தின் கதையும் இதுவே. அது தனி இனம் என்று விஞ்ஞானிகள் 2024-ல் பிரித்துப் பெயரிட்டிருக்கிறார்கள். அதற்குரிய மருந்து இந்தியாவில் தயாராவதில்லை; தாய்லாந்திலுள்ள ராணி ஸாவோபா நிலையத்தில், அந்த நாட்டு இராஜநாகத்துக்குத்தான் செய்கிறார்கள். இராஜநாகம் மனிதனைக் கடிப்பது அபூர்வம் என்பது ஒன்றே ஆறுதல். மூக்கு எழும்பிய குழிவிரியனைப் பற்றி அப்படி ஆறுதல் கொள்ள இடமில்லை. அது கொழுந்து பறிக்கிற பெண்களின் காலடியிலேயே வசிக்கிறது.

நாலு பாம்புகள் விஷயத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே ஜாதிப் பாம்பின் விஷம் பிரதேசத்துக்குப் பிரதேசம் மாறுகிறது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் கார்த்திக் சுனாகரும் அவருடைய சகாக்களும் இதை ஆராய்ந்து வருகிறார்கள். வட இந்தியாவிலும் வடகிழக்கிலும் உள்ள வேறு சில கொடிய பாம்புகளின் விஷத்தை இந்த மருந்து சரியாக முறிப்பதில்லை என்று அவர்கள் 2019-ல் எடுத்துக் காட்டினார்கள். செங்கற்பட்டுப் பாம்பிடம் பாடம் கேட்ட குதிரை, தேசம் முழுவதற்கும் உபாத்தியாயராக இருக்க முடியாது.

செய்ய வேண்டியது என்ன?

குதிரையை விட்டுவிட்டு வேறு வழி பார்க்கலாமே என்று படித்த இளைஞர்கள் கேட்கக் கூடும். நியாயமான கேள்வி. இன்ஸுலினை முன்பு பன்றி, மாடு இவற்றின் கணையத்திலிருந்து வடித்தார்கள். 1982 முதல் நுண்ணுயிர்களைக் கொண்டே மனித இன்ஸுலினை உண்டாக்கி விற்கிறார்கள். 1997-ல் ஹைதராபாத்தைச் சேர்ந்த சாந்தா பயோடெக்னிக்ஸ், மஞ்சள் காமாலை வகை ஒன்றுக்கான தடுப்பு மருந்தை ஈஸ்ட் அணுக்களில் தயாரித்து, சுதேசித் தொழில் சளைத்ததல்ல என்று காட்டிற்று. பாம்பு விஷத்துக்கும் இவ்வாறு முயல்கிறார்கள். பெங்களூர்க் கழகத்தாரும் அமெரிக்க ஸ்க்ரிப்ஸ் நிலையத்தாரும் சேர்ந்து 2024-ல் ஒரு செயற்கை எதிர்ப்பொருளை வெளியிட்டார்கள். 2025 ஜனவரியில், நோபெல் பரிசு பெற்ற டேவிட் பேக்கரின் குழுவினர் கணிப்பொறியின் உதவியால் வடிவமைத்த புதிய புரதங்களை அறிவித்தார்கள். ஆனால் இவை நாகத்தின் குடும்பத்துக்குரிய ஒரு வகை நச்சுக்குத்தான் பதில். விரியனின் விஷம் வேறு. தவிர, எலிகளிடம் வெற்றி பெற்ற மருந்து வால்பாறை ஆஸ்பத்திரிக்கு வந்து சேர எத்தனை காலமாகுமோ! அது வரையில் குதிரைதான் நமக்குக் கதி.

குதிரைக்குப் புதிய பாடம் சொல்லிக் கொடுப்பது முடியாத காரியமல்ல. இலங்கையில் மூக்கு எழும்பிய குழிவிரியனின் கடி மிகவும் சகஜம். அதன் விஷத்தையும் சேர்த்துக் கோஸ்டாரிகா தேசத்தில் தயாரித்த மருந்து, சோதனைச் சாலையில் அந்த விஷத்தை முறித்ததென்று 2016-ல் வெளியிட்டார்கள். கோஸ்டாரிகாவில் சாத்தியமானது கொங்கு நாட்டில் ஏன் சாத்தியமாகாது? பஞ்சாலையும் பம்புத் தொழிலும் வளர்த்த பிரதேசம் இது. பக்கத்திலே குன்னூரில், 1907 முதல் நடந்து வரும் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட், வெறிநாய்க் கடிக்கு மருந்து தயாரித்துப் புகழ் பெற்றது. காட்டின் ஒவ்வொரு செடியையும் அறிந்த காடர்களும் மலசர்களும் முதுவர்களும் ஆனைமலையில் இருக்கிறார்கள். வட நெம்மேலியில் இருளர்களுக்குச் செய்ததை இங்கே அவர்களுக்கும் செய்து, மலைப் பிரதேசத்து விஷத்தைச் சேகரிக்க ஒரு நிலையம் ஏற்படுத்த வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

அதற்கு முதற்படி, எந்தப் பாம்பு எங்கே யாரைக் கடித்தது என்ற கணக்கு. தமிழ்நாட்டு சர்க்கார் 2024 நவம்பரில் பாம்புக் கடியை, ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது பெரிதும் பாராட்டத் தக்கது. இந்திய சர்க்காரும் அதே ஆண்டில், 2030-க்குள் பாம்புக் கடிச் சாவுகளைப் பாதியாகக் குறைப்பதென்று திட்டம் வகுத்திருக்கிறது. தோட்டத்து வைத்தியசாலையில் பதிவேடு எழுதுகிறவர் "பாம்புக் கடி" என்று மட்டும் எழுதாமல், பாம்பின் அடையாளத்தையும் இரண்டு வரி எழுதினால், அந்த இரண்டு வரி பிற்காலத்தில் ஓர் உயிரைக் காக்கும்.

நம் குடும்பத்தார் நினைவில் வைக்க வேண்டியவையும் சில உண்டு. கடிவாய்க்கு மேல் கயிறு இறுக்கக் கூடாது. கத்தியால் கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது. கடிபட்ட அங்கத்தை அசையாமல் வைத்து, நடக்க விடாமல், 108 வண்டியை அழைத்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மந்திரிப்பவரிடம் போய் இழக்கும் ஒரு மணி நேரத்தைப் பத்துச் சீசா மருந்தாலும் திருப்பித் தர முடியாது. கட்டுவிரியன் தரையில் படுத்துறங்குகிறவர்களை இரவிலே கடிக்கும். பல சமயம் வலியே தெரியாது. விடியற்காலையில் காரணமில்லாத வயிற்று வலியும், இமை சரிவதும் கண்டால் தாமதிக்கக் கூடாது. பாம்பைத் தேடி அடித்துக் கொண்டு வரவும் வேண்டாம். எட்ட நின்று கைப்பேசியில் ஒரு படம் பிடித்தால் போதும். அந்தப் படம் வைத்தியருக்கு உதவும். மலை மேலிருந்து வந்த படமானால், நம் குதிரைகள் இன்னும் படிக்க வேண்டிய பாடம் எது என்பதையும் அது சொல்லும்.